வாளிப் பாட்டைக் கொடுத்தது யார்

காங்கேசன்துறை வீதியால் போகிற மினிபஸ்களில் பாட்டுப் போடாத பஸ் கிடையாது. குணலட்சுமி அதையெல்லாம் காதில் வாங்குவதில்லை. அன்றைக்கும் பட்டணத்தில் வாங்கிய லைனிங் துணியை மடியில் வைத்துக்கொண்டு, கொக்குவில் தாண்டும்வரை வெளியே பார்த்தபடிதான் இருந்தாள். பழைய பாட்டு முடிந்து புதிதாக ஒரு கிற்றார் தொடங்கியது. அதற்கு அடியில் எதுவோ டம் டம் என்று விழுந்தது. பிறகு ஒரு பெட்டையின் குரல், எந்த அவசரமும் இல்லாமல் வந்தது.

தண்ணி அள்ளப் போன பெட்டை
தனிச்சு நிண்டாள் கிணத்தடியிலை
வாளி கிணத்திலை, கயிறு கையிலை...

அந்த இடத்தில் எல்லா வாத்தியமும் நின்றது. ஒரு மூச்சு அளவுக்கு ஒன்றுமே இல்லை. பிறகு தனிக் குரலில்:

மனசு ஆரிட்டை, வடிவே?

குணலட்சுமி முதலில் செய்தது, பஸ்ஸில் யார் யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று பார்த்ததுதான். கொண்டக்டர் படியில் தொங்கியபடி அந்த வரியை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தான். முன்சீட்டில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை தலையை ஆட்டியது. முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற ஒரு மனுசன் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். ஏன் திரும்பினான்? மருதனார்மடத்தில் இறங்க வேண்டியவள் இணுவிலிலேயே மணியடித்து இறங்கி, மிச்ச வழியை வெயிலில் நடந்தாள்.

வடிவு என்பது அவளுடைய வீட்டுப் பெயர். அந்தப் பெயரை அவள் நாற்பது வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டாள்.

தென்மராட்சியில், கொடிகாமத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊர் அவளுடையது. பதினேழு வயதில் ஒருநாள் காலை தண்ணீர் அள்ளப் போனாள். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர்ப் பம்பு திருத்த வந்த ஒருவன் வேலியோரம் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டான். அள்ளிக் கொடுக்கலாம் என்று அவள் வாளியை இறக்கினாள். கயிறு இற்றுப்போயிருந்தது. முடிச்சுக் கழன்று வாளி உள்ளே போய்விட்டது, கயிறு மட்டும் கையில் வந்தது. வந்தவன் சிரித்துவிட்டுத் தன் வழியே போனான். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த நேரம் ஒழுங்கையால் யாரோ போயிருக்கிறார்கள். அந்தச் சித்திரை வருடப்பிறப்புக்கு ஊஞ்சல் கட்டி ஆடிய பெட்டையள் பாடிய பாட்டில், வாளி இருந்தது, கயிறு இருந்தது, வடிவு இருந்தாள். கடைசி அடியில் பம்புக்காரனும் இருந்தான், வேலியில் ஒரு பொட்டும் இருந்தது. பொட்டு என்றால் ஆள் நுழைகிற அளவு ஓட்டை.

தகப்பன் போய் ஊஞ்சல் கயிற்றை வெட்டிப்போட்டார். அதனால் பாட்டு இன்னும் நன்றாகப் பரவியது. பேசி வந்த கலியாணம் குழம்பியது. மறுபடி ஒன்று வந்தது, அதுவும் திரும்பிப் போனது. அவளை மருதனார்மடத்தில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே தையல் பழகினாள். பத்து வருடத்துக்கு மேல் கழித்துத்தான் பஞ்சலிங்கம் என்ற தோட்டக்காரருக்கும் அவளுக்கும் கலியாணம் நடந்தது. தாலி கட்டிய நாளிலும் அவள் பந்தியில் இருந்த ஊர்ச் சனத்தின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றைந்துச் சண்டையில், மருதனார்மடம் உட்பட வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிக்கு ஓடியபோது, கைக்குழந்தையோடு அவளும் அந்தப் பக்கம் போகவேண்டி வந்தது. சொந்த வீடு நடக்கிற தூரத்தில் இருந்தும் பள்ளிக்கூடக் கட்டடத்தில்தான் தங்கினாள். தண்ணீர் எடுக்க வரிசையில் நிற்கும்போது சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொள்வாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சனத்துக்கு அப்போது வேறு கவலை. இருந்தாலும் பின்னால் இரண்டு பேர் குனிந்து கதைத்தால், அது தன்னைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அப்படியே அவளுடைய குணம் ஊன்றிவிட்டது. தையல் கடை போட்ட பிறகும் வாடிக்கைக்காரருடன் அளவோடுதான் கதை. கேள்வி கேட்டுக்கொண்டு வருகிற ஆட்களைக் கண்டால் வாசலிலேயே மறித்துவிடுவாள். போன வருடம்கூட இரண்டு இளம் ஆட்கள், கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, "அன்ரி, பழைய பாட்டுகள் ஏதும் தெரியுமோ?" என்று கேட்டார்கள். "எனக்கு ஒரு பாட்டும் தெரியாது. தைக்கிறதெண்டால் தாங்கோ, இல்லையெண்டால் வழியை விடுங்கோ" என்று அனுப்பிவிட்டாள்.

பாட்டுக் கேட்ட அன்று பின்னேரம், பாரிசில் இருக்கிற மகள் தர்சினியிடமிருந்து போனில் ஒரு வீடியோ வந்தது. அதே பாட்டு. கிணறு, பனங்கூடல், கிற்றார், நடுவில் தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு பெட்டை. மகள் ஒரு சொல்லும் எழுதவில்லை. சும்மா ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தாள். குணலட்சுமி அந்த இதயத்தை நெடுநேரம் பார்த்தாள். எப்போதும் வாய் ஓயாமல் எழுதுகிற பிள்ளை, இன்றைக்கு ஏன் ஒன்றும் எழுதவில்லை? இவளுக்கும் யாரோ சொல்லிவிட்டார்களா?

வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "வலிகாமம் நாட்டார் பாடல்" என்று இருந்தது.

வலிகாமமா? அந்தப் பாட்டுப் பிறந்தது தென்மராட்சியில். அப்படியென்றால் ஊரிலிருந்து இங்காலே வந்து குடியிருக்கிற யாரோதான் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குத் தெரிந்து அப்படி ஒருத்திதான் இருந்தாள். இராசமலர். அந்த ஊஞ்சலில் ஆடினவள். இப்போது நல்லூரில், கோயிலுக்குப் பின்னால் ஒரு ரியூசன் சென்ரருக்கு அருகே வீடு.

அடுத்த நாள் கடையைத் திறக்காமல் குணலட்சுமி நல்லூருக்குப் போனாள். பஸ்ஸில் போகவில்லை. ஓட்டோ பிடித்தாள்.

இராசமலர் கேற்றைத் திறந்துவிட்டு, கொஞ்சநேரம் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். "வடிவோ? எடி, நீ இஞ்சை வருவாய் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை. வா, இரு."

"இருக்க வரேல்லை. உந்தப் பாட்டை அந்தப் பொடியளுக்கு நீதானே குடுத்தனி?"

"எந்தப் பாட்டு?"

"எந்தப் பாட்டெண்டு உனக்குத் தெரியாதோ?"

இராசமலர் வாசல் கதிரையில் போய் இருந்தாள். "ஓ, வாளிப் பாட்டே. கேட்டனான். என்ரை மருமோளும் போட்டுக்கொண்டு திரியிறாள். நான் ஏன் குடுக்கிறன்? எனக்கு முழுக்க ஞாபகமும் இல்லை."

"உன்ரை வாயிலையிருந்து வந்த பாட்டு, உனக்கு ஞாபகமில்லையோ?"

"என்ரை வாயிலையிருந்தோ? எடி, நாலு பெட்டையள் ஆடேக்கை, ஆர் எந்த வரியைப் போட்டதெண்டு ஆருக்குத் தெரியும்? அந்த வாளியும் கயிறும் பழைய பாட்டு. எங்கடை பெரியம்மா ஆக்களும் பாடினவை. உன்ரை பேரை மட்டும் ஆரோ போட்டது."

இது குணலட்சுமி எதிர்பாராத கதை. நாற்பது வருடமாகத் தன்னை வைத்துக் கட்டிய பாட்டு என்று நினைத்திருந்தவளிடம், அது முன்பே இருந்த பாட்டு, உன்னை அதற்குள் தூக்கிப்போட்டார்கள் என்கிறாள். நம்புவதா? தப்புவதற்குச் சொல்கிறாளா? இராசமலரின் முகத்தில் கள்ளம் தெரியவில்லை. கள்ளம் தெரியாத முகந்தான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டிய முகம் என்று குணலட்சுமி நினைத்தாள்.

"நீ கேக்கிறதெண்டால் அந்தப் பெட்டையையே போய்க் கேள்" என்றாள் இராசமலர். "ஆரணி எண்டு பேர். உங்கடை பக்கத்துப் பிள்ளைதான், சுன்னாகம். இஞ்சை பின்வீதியிலை ஒரு இரும்புக்கடைக்கு மேலைதான் அவை பாட்டுப் பழகினம். பின்னேரம் போனால் சத்தம் கேக்கும்."

குணலட்சுமி பின்னேரம்வரை நல்லூர்க் கோயில் வீதியில் இருந்தாள். பிறகு சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படியேறினாள்.

மேலே முட்டைப் பெட்டி மட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டிய ஒரு அறை. வயர்கள் காலில் தடக்கின. குருநகர்ப் பொடியன் ஒருவன், ஜெரிசன் என்று பேர், தட்டையான கறுப்புப் பெட்டி ஒன்றை விரல்களால் தட்டிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் டம் டம் என்று விழுந்தது அந்தப் பெட்டிதான். வீடியோவில் வந்த கட்டைமயிர்ப் பெட்டை அவளைக் கண்டதும் மைக்கை வைத்துவிட்டு எழும்பி ஓடிவந்தாள்.

"அன்ரி! வந்திட்டியளோ?"

அந்த வரவேற்பு குணலட்சுமிக்குப் பிடிக்கவில்லை. தெரியாத பிள்ளை இவ்வளவு சந்தோசப்படுகிறது என்றால் ஏதோ காரியம் இருக்க வேண்டும். "என்னை உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள்தானே எனக்கு யூனிபோம் தைச்சுத் தந்தனீங்கள். ஆறாம் வகுப்பிலையிருந்து. போன வருசமும் நானும் ஜெரிசனும் வந்தனாங்கள், நீங்கள் பாட்டுத் தெரியாதெண்டு கலைச்சுப் போட்டியள்."

குணலட்சுமி அவளை இன்னொரு முறை பார்த்தாள். மயிரை வெட்டியதில் மட்டுப்பிடிக்க முடியாமல் போய்விட்டது. கண்ணுக்குள் ஒரு மெலிந்த, இரட்டைப் பின்னல் போட்ட பிள்ளை வந்து நின்றது. தைத்து முடியும்வரை கடை வாங்குப் பலகையில் இருந்து காலை ஆட்டிக்கொண்டே இருக்கிற பிள்ளை.

"சரி. இந்தப் பாட்டை உமக்கு ஆர் தந்தது?"

ஆரணி ஜெரிசனைப் பார்த்தாள். அவன் பெட்டியைத் தட்டுவதை நிறுத்தினான்.

"நீங்கள்தான், அன்ரி."

"என்ன?"

"நீங்கள் தைக்கேக்கை பாடுவியள். வாய்க்குள்ளை. சிலநேரம் சொல்லு கேக்கும், சிலநேரம் மெட்டு மட்டும். நான் அதைக் கேக்கிறதுக்காகத்தான் வீட்டை போகாமல் இருக்கிறனான்."

"பொய். நான் உந்தப் பாட்டைப் பாடினதே இல்லை." அவளுடைய குரல் தன்னை அறியாமல் உயர்ந்தது. "வேறை ஆரையோ காப்பாத்தப் பாக்கிறீர். உள்ளதைச் சொல்லும்."

ஆரணி ஒன்றும் வாதாடவில்லை. நிலத்தில் இருந்துகொண்டு, வாத்தியம் எதுவும் இல்லாமல், வாய் திறந்தும் திறவாமலும் முணுமுணுத்தாள். அடிக்கொருதரம் வலது காலால் நிலத்தைத் தட்டினாள். 'கயிறு கையிலை' வந்ததும் கால் நின்றது. குரலும் நின்றது. கை மட்டும் எதையோ தூக்கித் திருப்புவதுபோல் ஒரு அசைவு அசைந்தது. பிறகு, மனசு ஆரிட்டை.

"இந்த இடத்திலை நீங்கள் கழுத்து வளைவுக்கு வருவியள். மெஷின் நிக்கும். துணியை அமத்துற அந்தக் கம்பிக்காலைத் தூக்கித் துணியைத் திருப்பிப்போட்டு, திரும்ப மிதிக்கேக்கைதான் மிச்சத்தைப் பாடுவியள்" என்றாள். "நாங்கள் எல்லாத்தையும் மாத்தினனாங்கள், அன்ரி. தாளத்தை மாத்தினம், கிற்றார் போட்டம். அந்த நிப்பாட்டை மட்டும் மாத்தேல்லை. சனத்துக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

ஊஞ்சலில் பாடியபோது அந்த இடத்தில் நிறுத்தம் கிடையாது. ஊஞ்சல் நிற்காதே. அது குணலட்சுமிக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் கேட்டபோதே அந்த நிறுத்தம் ஏதோ மாதிரி இருந்தது. யாருடைய நிறுத்தம் என்று இப்போதுதான் விளங்கியது. அவள் அங்கே கிடந்த பெட்டி ஒன்றின் மேல் இருந்துவிட்டாள்.

"அப்ப களவு" என்றாள். "நான் தராததை எடுத்தால் அது களவுதானே."

"ஓம், அன்ரி" என்றாள் ஆரணி. "கேக்கத்தான் வந்தனாங்கள். நீங்கள் தெரியாதெண்டு சொன்னபடியால் உங்கடை பேரைப் போடவும் ஏலாமல் போச்சு. அதுதான் வலிகாமம் எண்டு மட்டும் போட்டம்."

"கடைசி அடி எங்காலை வந்தது?"

"நீங்கள் கடைசி அடி பாடுறேல்லை. எப்பவும் ரெண்டாவதோடை நிப்பாட்டிப் போடுவியள். அதாலை நானே ஒண்டு கட்டினனான்."

பஸ்ஸிலும் வீடியோவிலும் குணலட்சுமி பாட்டைக் கடைசிவரை கேட்டிருக்கவில்லை. கேட்கத் துணியவில்லை. பம்புக்காரனும் வேலிப் பொட்டும் வரும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆரணி பாடிக் காட்டினாள்.

விழுந்த வாளி எடுத்திடலாம்
பாதாளக் கரண்டி போட்டெடுக்கலாம்
விட்ட சொல்லை எடுக்கிறதுக்கு
என்னத்தைப் போடுறது, வடிவே?

குணலட்சுமிக்கு ஒரு யோசனைதான் ஓடியது: இந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும். யாரோ சொல்லாமல் இப்படி ஒரு அடியைக் கட்ட முடியாது.

"வடிவு எண்டால் ஆர்?" என்று மெல்லக் கேட்டாள்.

ஆரணி விளங்காமல் பார்த்தாள். "ஆரோ? வடிவு எண்டால் வடிவுதானே, அன்ரி. வடிவான பெட்டை. கூப்பிடுற மாதிரி."

ஜெரிசனும் ஓம் என்பதுபோல் தலையாட்டினான். குணலட்சுமி இரண்டு பேரின் கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. வாறன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

வீட்டில் பஞ்சலிங்கம் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார். அவர் அதிகம் கதைக்காத மனுசன். குணலட்சுமி செருப்பைக் கழற்றியபடியே கேட்டாள்.

"இஞ்சாருங்கோ. நான் தைக்கேக்கை ஏதும் பாடுறனானோ?"

"ஓம்."

"என்ன பாட்டு?"

"அந்த வாளிப் பாட்டு. கலியாணம் முடிச்ச காலந்தொட்டுப் பாடுறீர்." அவர் கத்தியை நிறுத்தவில்லை. "இப்ப பஸ்ஸிலையும் போடுறாங்கள். கேட்டோடனை நினைச்சன், உம்மடை பாட்டெண்டு."

"பிறகு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே."

மகள் அனுப்பிய இதயத்தின் அர்த்தம் அப்போதுதான் குணலட்சுமிக்குப் பிடிபட்டது. அந்தப் பிள்ளை மெஷினுக்குக் கீழே, இந்தப் பாட்டைக் கேட்டபடி நித்திரைகொண்டு வளர்ந்தது. ஆக, இத்தனை வருடமாக ஊர் வாய்க்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தவளின் வாயே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. இனி வேறு யாரைச் சந்தேகப்படுவது?

அதற்குப் பிறகு அவள் வாயை இறுக மூடிக்கொண்டு தைத்தாள். மூடினால் தையல் கோணியது. கழுத்து வளைவில் கால் எப்போது நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது. ஒரு கலியாண பிளவுசைப் பிரித்துப் பிரித்துத் தைத்து, துணியே கிழியப் பார்த்தது. அன்றைக்கு அவள் ஆத்திரத்தோடு போனை எடுத்து, எப்படியோ நம்பர் பிடித்து, ஆரணிக்கு எடுத்தாள்.

"பிள்ளை, உந்தப் பாட்டுக்கு என்ரை பேர் போட வேண்டாம். காசும் வேண்டாம். ஆனால் ஊரை மாத்தும். அது வலிகாமத்துப் பாட்டில்லை. தென்மராட்சிப் பாட்டு." ஊரின் பெயரையும் சொன்னாள். "அந்த ஊர் ஆக்கள் கட்டினதை அவையே பொறுப்பெடுக்கட்டும்."

ஆரணி அன்றைக்கே மாற்றிவிட்டாள்.

குணலட்சுமி எதிர்பார்த்தது வேறு. ஊர்ச் சனம் வெட்கப்படும், அல்லது யாராவது பழைய கதையைக் கிளறுவார்கள் என்று அவள் காத்திருந்தாள். பின்னேரங்களில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வீடியோவுக்குக் கீழே வருகிறதையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்தாள். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் எழுதினார்: எங்கள் ஊர்ப் பாட்டு, பெருமையாக இருக்கிறது. லண்டனிலிருந்து ஒருத்தி, இது தன் பெரியம்மா கட்டிய பாட்டு என்றாள். இன்னொருவர் அதை மறுத்து, தன் மாமா கட்டியது என்றார். வடிவு என்றால் யார் என்ற கேள்வியும் வந்தது. அது ஊர்க் கோயில் அம்மனின் பெயர் என்று ஒருவர் விளக்கம் எழுதியிருந்தார். அதற்கு நிறையப் பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அதை வாசித்த இடத்தில் குணலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே வந்தது. பஞ்சலிங்கம் என்ன என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னை அம்மனாக்கிப் போட்டாங்கள்" என்றாள்.

பிறகு வேறு வழியில்லை. சொன்னாள். கிணறு, இற்றுப்போன கயிறு, பம்புக்காரன், ஊஞ்சல், குழம்பிய கலியாணங்கள் எல்லாவற்றையும், இடையில் நிறுத்தாமல். சொல்லும்போது அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்திருந்ததா, தெரியாதா என்று கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, "இத்துப்போன கயித்தை மாத்தாமல் விட்டது உங்கடை அய்யான்ரை பிழை" என்றார். தோட்டக்காரனுக்கு அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவருக்கு முன்பே தெரியுமா என்பது குணலட்சுமிக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் அவளும் கேட்கவில்லை.

ஆரணி போன கிழமை கடைக்கு வந்தாள், கொழும்பில் ஒரு மேடையில் பாடுவதற்குச் சட்டை தைக்க வேண்டும் என்று கறுப்புத் துணியோடு. பழையபடி வாங்கில் இருந்தாள். குணலட்சுமி அளவெடுத்தாள், துணியை வெட்டினாள், மெஷினில் இருந்தாள். காலை மிதிக்கு மேல் வைத்தபிறகு நிறுத்தினாள்.

"போனை எடும்."

ஆரணி பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

"நிப்பாட்டும். முழுக்க. கறுப்பாய்ப் போகவேணும்."

ஆரணி நிறுத்தினாள். குணலட்சுமி அதை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, தன் மேசை லாச்சிக்குள் வைத்துச் சாத்தினாள். அதன் பிறகுதான் மிதிக்கத் தொடங்கினாள். முதல் தையல் நேராக ஓடியது. அரைவாசியில், ஆரணி இதுவரை கேட்டிராத ஒரு மெட்டு அவளுடைய வாய்க்குள் மெல்ல எழும்பியது. வாங்கில் இருந்தவள் காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, மூச்சை அடக்கிக் கேட்டாள்.